கல் அரித்த நிலா, அரிக்காத நிலா

ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியா, டயகம பக்கம் சில நாட்கள் தேயிலைமேல் உறைபனி வெள்ளையாகப் படியும். வெயில் ஏறினால் உருகிவிடும், கருகிய கொழுந்துதான் மிச்சம். நமக்குத் தெரிந்த ஐஸின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் சுமார் 450 கோடி வருடமாக ஐஸைச் சுமக்கிற நிலாக்களும் இருக்கு. அதில் இரண்டின் வரலாறு இது.

1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்தபோது வியாழனுக்குப் பக்கத்தில் நான்கு புள்ளிகள் தெரிந்தன. அவற்றில் கனிமீடும் கலிஸ்டோவும் அக்கா தங்கச்சி மாதிரி. கனிமீடின் விட்டம் 5,268 கிலோமீற்றர், புதனைவிடப் பெரிசு. கலிஸ்டோ 4,821. இளம் வியாழனைச் சுற்றிய வாயு, தூசித் தட்டில் திரண்டவை இரண்டும். சரக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பாதி ஐஸ், பாதி பாறை.

அப்போ உள்ளேயும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?

இல்லை. 1995 டிசம்பரில் வியாழனை அடைந்த நாசாவின் கலிலியோ விண்கலம் இந்த நிலாக்களில் இறங்கவில்லை, பக்கத்தில் பறந்தது. நிலாவின் ஈர்ப்பு அதன் வேகத்தைக் கொஞ்சம் மாற்ற, அது அனுப்பிய ரேடியோ அலையில் அந்த மாற்றம் தெரிந்தது. அதை வைத்து, ஏ/எல் பௌதிகத்தில் நாம் படிக்கிற சடத்துவத் திருப்பத்தைக் கணித்தார்கள். திணிவாலும் ஆரையின் வர்க்கத்தாலும் அதை வகுத்தால், சீரான உருண்டைக்கு 0.4 வரும். பாரம் நடுவில் சேரச் சேர எண் குறையும். கனிமீடுக்கு 0.31, கலிஸ்டோவுக்கு 0.355.

அரிசியில் கல் அரிப்பதை நினையுங்கள். தண்ணீரில் ஆட்டினால் கல் அடியில் தங்கும். வியாழனிலிருந்து 10.7 லட்சம் கிலோமீற்றரில் உள்ள கனிமீடில் மோதல்கள் வேகமானவை. அந்தச் சூட்டில் ஐஸ் உருக, பாறை கீழே இறங்கியது, இரும்பும் பிரிந்து நடுவுக்குப் போனது. 1996இல் கண்டறிந்த அதன் சொந்தக் காந்தப்புலம் அதற்குச் சாட்சி. 18.8 லட்சம் கிலோமீற்றரில் கலிஸ்டோ மெதுவாகத் திரண்டது, சூடு போதவில்லை. பாறையும் ஐஸும் இன்னும் கலந்தே கிடக்கின்றன என்பதே பலரின் விளக்கம்.

அதற்காக அதைச் செத்த நிலா என்று ஒதுக்கிவிட முடியாது. வியாழனின் காந்தப்புலம் மாறும்போது கலிஸ்டோவும் பதில் தருவதை 1998இல் கிருஷன் குரானாவும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஐஸுக்கடியில் உப்புக் கடல் இருக்கலாம் என்பதற்குத் தடயம் அது.

2023 ஏப்ரலில் கிளம்பிய ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031இல் வியாழனை அடையும், பிறகு கனிமீடையே சுற்றும்.

லயத்துப் பிள்ளை இவ்வளவுதான் என்று வெளியே நின்றே அளந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கலிஸ்டோவை 388 வருடம் பார்த்த பிறகுதான் அதன் கடலுக்குத் தடயமே கிடைத்தது.