நாளைய பயணிகளை எண்ணிய கதை

இன்னும் ஓடாத இரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? பெருந்தொகையான பொதுப் பணம் இக்கேள்வியைச் சார்ந்தே செலவாகிறது.

1955ஆம் ஆண்டு சிகாகோ நகரில் டக்ளஸ் கரோல் தலைமையில் தொடங்கிய போக்குவரத்து ஆய்வு, நான்கு படிகள் கொண்ட கணக்கு முறைக்கு வழிகாட்டியது. எத்தனை பயணங்கள் உண்டாகும்? அவை எங்கெங்கே செல்லும்? எந்த வாகனத்தில்? எந்தப் பாதையில்? இவையே அந்நான்கு படிகள். ஆயினும் அம்முறை வட்டாரங்களை மொத்தமாக எண்ணியதேயன்றி, தனி மனிதரின் தேர்வை ஆழ்ந்து நோக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972இல் 'பார்ட்' இரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குச் செல்வோரின் பயணங்களில் 15 விழுக்காடு அதில் நடைபெறும் என்றது அதிகாரபூர்வ மதிப்பீடு. பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் குழுவினரோ இரயில் வருமுன்பே பயணிகளை விசாரித்தனர். கட்டணத்தையும் பயண நேரத்தையும் ஒருவர் எவ்வாறு சீர்தூக்கிப் பார்க்கிறார் என ஆராய்ந்து, 6.3 விழுக்காடு என்றனர். பின்னர் உண்மையில் காணப்பட்டது 6.2 விழுக்காடு! எனினும், நிலையத்துக்கு நடந்து வருவோரின் தொகையை அவர்களும் மிகையாகவே கணித்திருந்தனர். மெக்ஃபேடனுக்கு 2000ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

மிகைக் கணக்கை நம்பினால் வெறும் பெட்டிகள் ஓடும். குறைக் கணக்கை நம்பினால் மக்கள் நெரிசலில் தவிப்பர். பயணம் செய்பவரைக் கேட்டறிந்த பின்பே பாதை போட வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.