மறுசீரமைப்பு நீதி: கட்டப்பஞ்சாயத்து அன்று

சேதம் விளைவித்தவர் பொறுப்பேற்று, பாதிக்கப்பட்டோர் முன்னிலையில் ஈடுசெய்வதே மறுசீரமைப்பு நீதி. வாடிப்பட்டி போன்ற ஊர்களில் சிறார் பொதுச்சொத்தைச் சிதைத்தால், காவல் நிலையம், கட்டப்பஞ்சாயத்து என இரு வழிகளையே நாம் எண்ணுகிறோம். இளைஞர் நீதிச் சட்டம், 2015 மூன்றாவது வழியைத் திறக்கிறது.

பிரிவு 10, சிறாரைக் காவல் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கத் தடை விதிக்கிறது. பிரிவு 18, கண்காணிப்புடன் கூடிய சமூக சேவைக்கு ஆணையிட இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கறுப்பினப் பிள்ளைகள் பயின்ற பழைய பள்ளியில் 2016இல் இனவெறி வாசகம் எழுதிய சிறுவர்களை, நூல்கள் வாசித்துக் கட்டுரை எழுதுமாறு நீதிமன்றம் பணித்தது.

அம்பேத்கர் சிலையைச் சிறுவர் சிதைத்தாலும் வழக்கு குழுமத்தின் முன் வர வேண்டும். அங்கே நம் தெருவின் குரல் ஒலிக்க வேண்டும். ஊர்ப்பெரியவர்கள் திணிக்கும் ‘சமாதானம்’ நீதியன்று.