புனே தப்தரும் நம் மனையும்

பணியின் பொருட்டுப் புனே நகரில் குடியேறிய நாம், இங்கு மனை வாங்குமுன் இந்நகரின் பழைய ஏடுகளின் வரலாற்றை அறிதல் நலம். 1818-இல் பேஷ்வா ஆட்சி முடிவுற்றதும், மோடி எழுத்தில் அமைந்த அதன் கணக்கேடுகள் ஆங்கிலேயர் வசமாயின. 1852-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இனாம் கமிஷன் உரிமைகளை ஆராய்ந்தபோது, தக்க சான்று காட்ட இயலாதோர் பலர் தம் நிலத்தின் வரிவிலக்கை இழந்தனர். ஏடு பேசியது, வாய்மொழி எடுபடவில்லை. பேஷ்வா தப்தர் எனப்படும் அவ்வேடுகள் இன்றும் புனே ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இக்காலத்தில் வழி எளிது. உரிய கட்டணம் செலுத்தும் எவரும் சார்பதிவாளர் அலுவலக அட்டவணையைப் பார்வையிட 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. வயல் நிலமாயின் 'சாத்பாரா', நகர மனையாயின் சொத்து அட்டை கேட்டுப் பெறலாம். வழக்கு உண்டா என்பதைச் சிவாஜிநகர் நீதிமன்றத்தில் விசாரித்தறியலாம். அன்று சான்றின்மையால் இழந்தோர் பலர்; இன்று கேளாமையால் நாம் இழத்தல் ஆகாது.