படைவீரனின் வயலின்

ஐரோப்பிய இசையரங்கினுள் நுழைவோர் முதலிற் கற்றுக்கொள்ளும் பாடம் மௌனமாகும். கறுப்புடை அணிந்த வாத்தியக்காரர் ஒருபுறம். அசையாதிருந்து கேட்போர் மறுபுறம். கண்ணுக்கு அங்கே அதிகம் வேலையில்லை. இம்முறை தொன்றுதொட்டு வந்ததன்று. பிரபுக்களின் மாளிகைகளிலே இசை, விருந்தோடும் பேச்சோடும் கலந்தே ஒலித்தது. 19ஆம் நூற்றாண்டில் நுழைவுச்சீட்டு வாங்கி வந்த நடுத்தர வர்க்கத்தின் காலத்திலேதான், இசை வழிபாட்டுக்குரிய பொருள்போல் தனியே உயர்த்தி வைக்கப்பட்டது. பிரிந்து நின்ற கலைகளை மீண்டும் இணைக்க முயன்றோரின் கதை, கலையின் கதை மட்டுமன்று. கலை யாருக்கு உரியது என்ற வினாவின் கதையுமாகும்.

இணைப்புக் கனவை உரத்த குரலிற் சொன்னவர் றிச்சார்ட் வாக்னர். 1849 மே மாதம் டிரெஸ்டன் நகரில் எழுந்த கிளர்ச்சியிற் பங்குகொண்டு, அது நசுக்கப்பட்டபின் சுவிற்சர்லாந்துக்குத் தப்பியோடியவர் அவர். இசையும் கவிதையும் நடனமும் ஓவியமும் ஒன்றுகூடும் எதிர்காலக் கலையொன்றை, மக்களின் பொதுச்சொத்தாக அவ்வாண்டிலேயே எழுத்தில் வரைந்தார். அக்கனவு கட்டடமானது 1876இல், பைரொய்த் நகரில். பவேரிய மன்னன் லுட்விக்கின் பணம் அதற்கு உதவியது. முதல் விழாவுக்கு ஜெர்மன் சக்கரவர்த்தியே வந்தார். வாத்தியக்காரரோ மேடையின் கீழே பள்ளமொன்றில் மறைக்கப்பட்டனர். இசை எங்கிருந்தோ மாயமாய் எழவேண்டும். அதை எழுப்பும் உழைப்புக் கண்ணிற் படலாகாது! கடையிலே சரக்கைக் காண்போர், அதைச் செய்த கையைக் காணாததுபோல.

மறைத்த அக்கையை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது மிகச் சிறிய படைப்பொன்று. முதலாம் உலகப் போரின் இறுதியாண்டில், ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி சுவிற்சர்லாந்தில் வாழ்ந்தார். 1917ஆம் ஆண்டுப் புரட்சியோடு தாயகத்திலிருந்து வந்த வருவாய் நின்றுபோயிற்று; அவர் புரட்சியின் நண்பருமல்லர். எழுத்தாளர் ராமூவுக்கும் கைமுட்டு. பெரிய வாத்தியக் குழுவுக்கும் பெரிய அரங்குக்கும் வழியில்லை. ஆகவே, ஊரூராய்க் கொண்டுசெல்லத்தக்க கதையொன்றைச் செய்தனர். வறுமையே வடிவத்தை வகுத்தது.

'படைவீரனின் கதை' எனும் அப்படைப்பு 1918 செப்டெம்பர் 28ஆந் திகதி லொசான் நகரில் அரங்கேறியது. வாத்தியக்காரர் எழுவரே: வயலின், பெருவயலின், கிளரினெட், பஸூன், கோர்னெட், ட்ரொம்போன், தாளவாத்தியங்கள். அவர்கள் மேடையின் ஒருபுறத்தே எல்லோருங் காண அமர்ந்தனர். மறுபுறத்தே சிறு மேசையின் முன் கதை சொல்பவர். நடுவே நடிப்பும் நடனமும். மேடைத் திரைகளையும் உடைகளையும் ஓவியர் ஒபெர்ஜொனுவா தீட்டினார். அன்செர்மே இசையை நடத்தினார். வாத்தியக்காரரின் உடலசைவைக் காண்பதும் இசையை அறிவதன் பகுதியே என்று ஸ்ட்ராவின்ஸ்கி பின்னாளில் எழுதினார். அண்ணாவியாரும் மத்தளகாரரும் களரியிலேயே நின்று நடத்தும் கூத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இது வியப்பன்று; ஐரோப்பிய அரங்குக்கோ இது துணிவு.

கதை ருஷ்ய நாட்டார் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. விடுமுறையில் ஊர் திரும்பும் ஏழைப் படைவீரன் தன் பழைய வயலினைப் பிசாசிடம் கொடுத்து, ஒரு நூலைப் பெறுகிறான். நாளைய சந்தை விலைகளை இன்றே கூறும் நூல் அது. மூன்று நாட்கள் பிசாசோடு தங்கியதாக எண்ணி ஊர் வந்தால், மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஊரார் அவனை ஆவியென்று அஞ்சுகின்றனர். செல்வம் குவிகிறது; வாழ்வு நழுவுகிறது. வயலினை மீட்டு, அரசகுமாரியின் நோயை இசையால் தீர்த்து மணந்தும், ஊர் எல்லையைக் கடக்க முயன்ற கணத்தில் பிசாசின் கையிற் சிக்குகிறான். இறுதி அணிநடையில் வயலின் சிறிது சிறிதாக ஓய, தாளவாத்தியம் மட்டுமே எஞ்சுகிறது. போர் இன்னும் முடியாத ஐரோப்பாவில், அப்பறையொலியின் பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இங்கே நாம் ஓர் உண்மையை மறைத்தலாகாது. இப்படைப்புக்கான பெரும்பணத்தைக் கொடுத்தவர் வெர்னர் றைன்ஹார்ட். கிளரினெட் வாசிக்கும் கலையன்பர் அவர். நன்றிக்கடனாக ஸ்ட்ராவின்ஸ்கி தனிக் கிளரினெட்டுக்கு மூன்று உருப்படிகளை இயற்றி அவருக்கு அளித்தார். ஆனால் றைன்ஹார்ட்டின் செல்வம் வந்த இடம் எது? 1851இல் விண்டர்தூரிலும் பம்பாயிலும் ஒருங்கே தொடங்கப்பட்ட வொல்கார்ட் சகோதரர் வாணிப நிறுவனம். பருத்தியும் கோப்பியும் அதன் முக்கிய சரக்குகள். நமது கொழும்பிலும் அதற்குக் கிளையிருந்தது. சந்தை விலையை அறிந்தவன் ஆன்மாவை இழக்கும் கதை, சந்தை விலையறிந்து பெருகிய பணத்தால் மேடையேறியது! லொசானில் வாத்தியக்காரனின் கை தெரிந்தது. பருத்திக் காட்டிலும் தோட்டத்திலும் உழைத்த கை அப்போதும் தெரியவில்லை. கொடையாளியைப் பழிப்பது நம் நோக்கமன்று. கலையின் கணக்கேடு எவ்வளவு நீளமானது என்பதையே சுட்டுகிறோம்.

ஊரூராய்ச் செல்லும் திட்டம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோய் அதனைத் தடுத்தது. ஆயினும் விதை அழியவில்லை. 1923இல் வைமார் நகரிலே, பௌஹவுஸ் கலைப்பள்ளியின் விழாவில் ஷெர்ஷென் இதனை நடத்தினார். அப்பள்ளியின் ஆசிரியர் கண்டின்ஸ்கி, ஓவியங்களைப் பார்த்து முசோர்க்ஸ்கி 1874இல் இயற்றிய பியானோ இசையை, அசையும் வண்ண வடிவங்களாலும் ஒளியாலும் 1928இல் டெசாவ் மேடையில் காட்டினார். 1927இல் பிரெக்ட்டும் வைலும் தம் 'மஹகொனி'ப் பாடல்களைக் குத்துச்சண்டை மேடையொன்றில் அரங்கேற்றினர். நேஹரின் சித்திரங்கள் பின்னே திரையிற் படர்ந்தன.

வாக்னர் வழியினின்றும் பிரெக்ட் வேறுபட்ட இடம் இதுவே. கலைகள் ஒன்றிலொன்று கரைந்தால் இரசிகனும் அவற்றோடு கரைந்து மயங்குவான். இசை இசையாகவும் ஓவியம் ஓவியமாகவும் தனித்து நின்று ஒன்றையொன்று விமரிசித்தால், அவன் சிந்திப்பான் என 1930இல் அவர் வாதித்தார். 1933இல் நாஜிகள் அவரையும் வைலையும் நாட்டைவிட்டுத் துரத்தினர். அவ்வாண்டே பௌஹவுஸும் மூடப்பட்டது. சிந்திக்கும் இரசிகனை அதிகாரம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று இசையோடு ஒளியையும் அசைவையும் சேர்ப்பது அரிதன்று. பணமிருந்தால் எவருஞ் செய்யலாம். எனவே எத்தனை கலைகள் சேர்ந்தன என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. சேர்த்த கைகள் மேடையில் தெரிகின்றனவா, மேடைக்கு வெளியே இருந்து அதைத் தாங்கும் கைகள் நினைவில் வருகின்றனவா என்று கேட்கவேண்டும். மாணவரோடு சிறு மண்டபத்தில் நாடகம் போடும் ஆசிரியருக்கும் இவ்வினா உரியது. எழுவரும் ஒரு மேசையும் போதுமென்பதை லொசான் காட்டிற்று.