இதயக் கருவி வழி நடமாட்டக் கணிப்பு

இதயச் செயலிழப்பு நோயாளிகளின் உடலில் பொருத்திய பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்வது), சி.ஆர்.டி. (இதய அறைகளை ஒத்திசைந்து துடிக்கச் செய்வது) கருவிகளைக் கொண்டே அவர்களின் அன்றாட நடமாட்டத்தை அளக்கும் முறை. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும் இக்கருவிக்குள் ஒரு முடுக்கமானி உண்டு. நடக்கும்போது இதயத்துடிப்பை உயர்த்தித் தருவதற்காக 1980களில் பேஸ்மேக்கருக்குள் வந்த அசைவுணரியின் வழிவந்தது இது. நடமாட்டக் கணக்கு அதன் உபரிப் பயன் என்றே சொல்லலாம்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் அசைவு பதிவான நிமிடங்கள் நாள்தோறும் சேமிக்கப்படும். படுக்கையருகே வைத்த பெட்டி, நோயாளி தூங்கும் நேரத்தில் அதை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். “நடக்கிறீர்களா?” என்றால் “ஏதோ நடக்கிறேன் டாக்டர்” என்பவரின் வரைபடம் மூன்று வாரமாகச் சரிந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவில் சுமார் 98,000 ஐ.சி.டி., சி.ஆர்.டி. நோயாளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ‘ஆல்டிடியூட்’ ஆய்வில், அதிகம் நடமாடிய பிரிவில் நான்கு ஆண்டுகளுக்குப் பின் சுமார் 90 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். மிகக் குறைவாக நடமாடிய பிரிவில் பாதிப்பேர்தான். அசையாமை நோயின் காரணமா விளைவா என்பதை இந்த எண்கள் தீர்த்துவைக்கவில்லை.

நெஞ்சில் இருக்கும் உணரி, உட்கார்ந்து மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளைக் குறைத்தே மதிப்பிடும். மூட்டுவலியால் முடங்கியவருக்கும் கோடு இறங்கும். ஆகவே ‘ஹார்ட்லாஜிக்’ போன்ற முறைகள் இதய ஒலி, மூச்சு, மார்பின் மின்தடை, இரவுத் துடிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே கணிக்கின்றன.