மாக்பெத்தின் மனைவி

ஆங்கிலக் கவிஞர் ஷேக்ஸ்பியர் இயற்றிய துன்பியல் நாடகங்களுள் ‘மாக்பெத்’ சிறந்ததொன்று. அதனைக் கற்றோரிற் பலர், நல்ல வீரனை மனைவி கெடுத்தாள், பெண் புத்தி கேட்டவன் அழிந்தான் என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்புப் பொருந்துமா என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராயப் புகுகின்றோம்.

மாக்பெத் கற்பனை மனிதனல்லன். 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட மன்னன். உறங்கிக்கொண்டிருந்த டங்கன் மன்னனை அவன் குத்திக் கொன்றான் என்பது நாடகம்; டங்கன் 1040இல் போரில் மாண்டான் என்பது சரித்திரம். மாக்பெத்தின் மனைவியாகிய குரூவோக் அரச குடியிற் பிறந்தவள். மொரே நாட்டுத் தலைவனாயிருந்த அவளுடைய முதற் கணவன் 1032இல் தன் ஆட்கள் 50 பேருடன் எரித்துக் கொல்லப்பட்டான். பின்னர் அவள் மாக்பெத்தை மணந்தாள். அவள் அரசியாவதைக் கைம்மை தடுக்கவில்லை. முதற் கணவனுக்கு அவள் பெற்ற லூலக் என்பவனே மாக்பெத்துக்குப் பின் சில மாதங்கள் அரசனாயிருந்தான். லெவன் ஏரித் தீவில் வாழ்ந்த துறவிகளுக்கு நிலம் வழங்கியதைக் கூறும் பழம் பதிவொன்று, அரசன் பெயரோடு அரசியின் பெயரையும் அவள் தந்தையின் பெயரையும் சேர்த்தே குறிக்கின்றது.

ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1577இல் வெளிவந்த ஹாலின்ஷெட்டின் சரித்திர நூலில் இவ்வரசிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அரசியாகும் ஆசையால் கணவனைத் தூண்டினாள் என்பதே அதன் சாரம். டஃப் என்னும் வேறொரு மன்னனைக் கொல்லும்படி டோன்வால்ட் என்பவனை அவன் மனைவி ஏவிய கதையும் அந்நூலில் உண்டு. இவ்விரண்டையும் இணைத்தே ஷேக்ஸ்பியர் ஏறக்குறைய 1606இல் தம் நாடகத்தை அமைத்தார். அதில் அவளுக்குச் சொந்தப் பெயரே இல்லை. கணவன் பெயராலேயே அழைக்கப்படுகின்றாள்.

நிற்க, நாடகத்தினுட் புகுவோம். தொடக்கத்தில் மாக்பெத், வரப்போகும் உயர்வில் அவளையும் பங்குடையவளாகக் கருதிக் கடிதம் எழுதுகின்றான். கொலைக்கு அஞ்சி அவன் பின்வாங்கும்போது, அவன் ஆண்மையைப் பழித்து அவனைத் துணியச் செய்பவள் அவளே. கை நடுங்கி அவன் எடுத்துவந்துவிட்ட குத்துவாள்களைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பவளும் அவளே.

முடி சூடியதும் நிலைமை மாறுகின்றது. கணவனோடு சில சொற்கள் பேச வேண்டுமென்று அரசி பணியாளனிடம் சொல்லியனுப்புகின்றாள்! பாங்கோவைக் கொல்ல ஏற்பாடு செய்ததை அவன் அவளுக்கு மறைக்கின்றான். விருந்திலே அவன் ஆவியைக் கண்டு பிதற்ற, விருந்தினரைச் சமாளிப்பது மட்டும் அவள் வேலையாகின்றது. மக்டஃபின் மனைவி மக்களைக் கொல்லத் துணிந்தபோது அவளை அவன் ஒரு சொல்லும் கேட்டானில்லை. பின்னர் அவள் தூக்கத்தில் நடந்து, இல்லாத கறையைக் கழுவுகின்றாள். மருத்துவனும் பணிப்பெண்ணும் அருகே நிற்கின்றனர், கணவனைக் காணோம். அவள் இறந்த செய்தி போர்ப் பரபரப்பின் நடுவே அவனுக்கு எட்டுகின்றது; அழவும் அவனுக்குப் பொழுதில்லை.

கொலைக்குத் தூண்டியவளை நாம் குற்றமற்றவளென்று வாதிக்கவில்லை. ஆயினும் முதற் கொலைக்குப் பின் நிகழ்ந்த கொலைகளுள் ஒன்றேனும் அவள் சொல்லால் நிகழ்ந்ததன்று. அவளுக்கிருந்த வலிமையெல்லாம் கணவன் செவி சாய்த்ததால் வந்தது; அச்செவி மூடியதும் வலிமையும் ஒழிந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் மணமான பெண்ணின் உடைமையும் பெரும்பாலும் கணவன் வசமே இருந்தது. அந்நிலையை மாற்றிய பெருஞ் சட்டம் 1882இல்தான் பிறந்தது.

தோட்டத்திலும் பட்டினத்திலும் நம்மவருட் சிலர், “எங்கள் வீட்டில் அவள் வைத்ததே சட்டம்” என்று பெருமை பேசுவதுண்டு. அன்பரே, அச்சட்டம் உமது மனம் மாறிய மறுநாளும் செல்லுமா என்று எண்ணிப் பாரும். ஈட்டும் பணத்திலும், வாங்கும் நிலத்திலும், பிள்ளைகளின் படிப்பிலும் அவள் பெயரும் சொல்லும் உரிமையோடு நிற்கட்டும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குரூவோக்கின் பெயர் நிலக்கொடையில் அவ்வாறு நின்றது.