அண்ணன்மார் கதையும் படுகளமும்

அண்ணன்மார் கதை என்பது கொங்கு நாட்டில் உடுக்கையடிப் பாட்டாகப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் நெடுங்கதை ஆகும். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரும் அவர்தம் தங்கை அருக்காணித் தங்காளும் தெய்வங்களாக வணங்கப்படுவதால், இதைக் கேட்பதே வழிபாடாகிறது. வேட்டுவரோடு நேர்ந்த பகையின் முடிவில் களத்தில் மாண்ட அண்ணன்மாரைத் தங்காள் தேடிச் சென்று, பெரியகாண்டியம்மன் அருளால் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசுவது கதையின் உச்சம்.

அவ்வுச்சத்தை உடலால் நிகழ்த்தும் சடங்கே படுகளம். அருள் வந்தவர்கள் மாண்ட வீரர்களாக நிலத்தில் விழ, அவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவர்; பின்னர் தங்காளின் இடத்தில் நிற்கும் பெண் புனித நீர் தெளிக்க, அவர்கள் எழுவர். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழா இக்கதையை ஒட்டியே நடைபெறுகிறது.

1964 முதல் 1966 வரை காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளை ஆராய்ந்த அவரது கொங்குச் சமூக நூல் 1972-இலும், இக்கதையைப் பற்றிய ஆய்வு நூல் 1982-இலும் வெளிவந்தன. கேட்போர் முன் பாடிய வடிவத்தையும், எழுதிக்கொள்வதற்காகப் பாடகர் சொன்ன வடிவத்தையும் அவர் ஒப்பிட்டதே அவ்வாய்வின் பெரும் பயன் எனலாம். கூட்டமும் சடங்கும் விலகும்போது கதையும் மாறுவதை அது காட்டுகிறது. சக்திக்கனல் தொகுத்த தமிழ்ப் பதிப்பு 1971-இலேயே அச்சேறியிருந்தது.

பெக்கின் களப்பணிக்கு நிகரான பணியை ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர் 1936, 1937 ஆண்டுகளில் ஜமைக்காவிலும் ஹைட்டியிலும் செய்து, 1938-இல் நூலாக்கினார். மேற்கு, நடு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் ஹைட்டியில் உருவாக்கிய வூடூ சமயத்தில், லுவா எனப்படும் தெய்வ ஆவி பக்தர்மீது குதிரையேறுவதுபோல் ஏறி அவர் வாயால் பேசுவதாக நம்பிக்கை. கொங்குச் சாமியாட்டத்தோடு இதற்கு வரலாற்றுத் தொடர்பு கூறச் சான்றில்லை. எனினும் அருள்வாக்கை மூடநம்பிக்கை என ஒதுக்காமல், அடக்கப்பட்ட ஒரு மக்களின் பேச்சாகவும் ஹர்ஸ்டன் கேட்ட முறை, படுகளத்தை ஆராய்வோருக்கும் உரியது. படுகளத்தில் விழுந்தவர்களின் அனுபவத்தை அச்சிட்ட கதையிலிருந்து மட்டும் அறிய இயலாது. அதற்குக் கோயில் களத்தில் விடியும்வரை உடனிருக்க வேண்டும்.